பட்டாசு வேண்டுமா, வேண்டாமா: வாதம் எழுதவும் விமர்சிக்கவும் கற்ற ஒரு வகுப்பு – நிகழ்வு ஆய்வு

சிவகாசியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். முடிவுகளை எடுத்தவர் அந்த வகுப்பின் தமிழாசிரியை. உடன் பணியாற்றுபவன் என்ற முறையில் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்ததும், மாணவர்களின் நோட்டுகளைப் படித்ததும், அவ்வப்போது அவரோடு விவாதித்ததும் மட்டுமே என் பங்கு. மாணவியர் இருவரின் சம்மதத்தோடும் அவர்கள் வீட்டாரின் சம்மதத்தோடும், பெயர்களையும் அடையாளங்களையும் விலக்கி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

வணிகவியல் பிரிவு. நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர். ஊர் வானம் பார்த்த கரிசல் பூமி. மழையும் காற்றில் ஈரமும் குறைவாக இருப்பதே 1920களில் இந்தப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றவும், பின்னால் பட்டாசும் அச்சும் தழைக்கவும் வழிசெய்தது. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலையிலோ, பெட்டி ஒட்டும் வேலையிலோ, லேபிள் அச்சடிக்கும் அச்சகத்திலோ இருக்கிறார். சீசன் நேரத்தில் ஆலைகள் பரபரக்கும்போது சில மாணவர்கள் வகுப்பில் தூங்கி விழுவதற்கும் வீட்டு வேலைப் பளுவே காரணம்.

கட்டுரை என்றால் இந்த மாணவர்களுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றுதான். முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை. தலைப்புகளுக்குக் கறுப்பு மையில் அடிக்கோடு. இடையிடையே மேற்கோள். தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரும் வடிவம்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் எழுதுபவர் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. நூலகத்தின் பயன், மரம் வளர்ப்போம், தூய்மை இந்தியா எல்லாம் மறுப்பாரே இல்லாத தலைப்புகள். ஆண்டுக்கணக்காக அவற்றையே எழுதிவந்த ஒருவருக்கு, எதிரே மாற்றுக் கருத்துடைய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பே வருவதில்லை. பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கும் மாணவர்களிடமும் இதே குறைதான். குரல் உயரும், அடுக்குமொழி வரும், கைத்தட்டல் கிடைக்கும். கேட்டவர் மனம் மாறினாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்தபின் ஆசிரியை ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு வாதக் கட்டுரை எழுத வேண்டும். பக்கத்து மாணவரோடு நோட்டை மாற்றிக்கொண்டு, அவர் எழுதியதை விமர்சிக்க வேண்டும். பிறகு திருத்தி எழுத வேண்டும். தலைப்பை மாணவர்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள்: ‘தீபாவளிக்குப் பட்டாசு வேண்டுமா?’

முதல் வரைவும் முதல் கருத்துரைகளும்

பெரும்பாலோர் ஆதரித்தே எழுதினார்கள். அந்த ஊரில் அது எதிர்பார்க்கக் கூடியதே. சிலர் சுற்றுச்சூழலைக் காட்டி எதிர்த்தார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் பட்டாசே வேண்டாம் என்று முகத்தில் அறைந்தாற்போல் எழுதியிருந்தார். அவரை இரண்டாமவர் என்று குறிப்பிடுகிறேன். அவருடைய பெரியப்பா ஆலையின் வெடிமருந்து அறையில் நடந்த வெடிவிபத்தில் தீக்காயம் பட்டு, மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனவர்.

அவரோடு நோட்டை மாற்றிக்கொண்ட மாணவியை முதலாமவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய தாய் ஆலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை செய்கிறார். பாட்டி வீட்டுத் திண்ணையில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறார். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள்.

முதலாமவரின் முதல் வரைவில் ஒரு பத்தி இப்படி இருந்தது: ‘பட்டாசுத் தொழில் இல்லாவிட்டால் எங்கள் ஊர் பாலைவனமாகிவிடும். லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிவார்கள். தெய்வத்தான் ஆகாதெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும் என்றார் வள்ளுவர். ஆகவே பட்டாசைத் தடை செய்ய நினைப்பவர்கள் ஏழைகளின் எதிரிகள்.’

இரண்டாமவரின் வரைவில், பெரியப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 40 பேர் வரை பலியான விபத்தைச் சொல்லி, ‘இத்தனை உயிர்களைக் குடித்த பிறகும் நமக்கு இந்த நெருப்பு விளையாட்டு தேவையா?’ என்று முடித்திருந்தார். ஊடே, ‘உச்ச நீதிமன்றமே 2018இல் பட்டாசைத் தடை செய்துவிட்டது’ என்றும் ஒரு வரி.

நோட்டுகள் திரும்பி வந்தபோது ஆசிரியை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் படித்தார். நானும் படித்தேன். மிகப் பெரும்பாலான கருத்துரைகள் ‘நன்று’, ‘மிக நன்று’, ‘கையெழுத்து அழகாக இருக்கிறது’ என்பவைதான். ஏராளமானோர் சிவப்பு மை பேனாவை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டிருந்தார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். ஆசிரியர் நோட்டில் என்ன செய்வாரோ அதை அப்படியே செய்திருந்தார்கள். திருத்துவது என்றால் பிழை பார்ப்பது என்றுதான் பள்ளி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வாதத்தைத் தொட்டுப் பேசிய கருத்துரை, தேடித்தேடிப் பார்த்தும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கிடைத்தது.

இரண்டாமவரின் கட்டுரைக்குக் கீழே முதலாமவர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு இப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?’

முதலாமவரின் கட்டுரைக்குக் கீழே இரண்டாமவர் எதுவுமே எழுதவில்லை. ‘ஏழைகளின் எதிரிகள்’ என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இருந்தது. மறுநாள் அவர் பெஞ்ச் மாறி உட்கார்ந்தார்.

தலைப்பை மாற்றுவதா?

விஷயம் வகுப்பைத் தாண்டிப் போனது. ஒரு மாணவரின் தந்தை, ஆலையில் போர்மேனாக இருப்பவர், தலைமையாசிரியரைச் சந்தித்து, பிள்ளைகளை ஊர்த் தொழிலுக்கு எதிராக எழுதச் சொல்வது சரியா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கவலையிலும் பொருள் இருந்தது. வெளியூர்த் தொலைக்காட்சிகள் தீபாவளிதோறும் தன் ஊரைக் கொலைக்களமாகக் காட்டுவதைப் பார்த்துச் சலித்தவர் அவர்.

தலைமையாசிரியர் ஆசிரியையை அழைத்து, தலைப்பை மாற்றிவிடலாமே என்றார். பள்ளியில் அலைபேசி, சீருடை, இப்படி யாருக்கும் வலிக்காத ஏதாவது ஒன்று. ஆசிரியை இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

அவர் எடுத்த முடிவு: தலைப்பு அப்படியே தொடரும். ஆனால் விரும்பாதவர்கள் வேறு தலைப்பில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தலைப்பை அடியோடு நீக்கிவிட்டால் அந்த இரண்டு மாணவியரும் ஒருவரையொருவர் காயப்படுத்திய இடத்திலேயே நின்றுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன முதல் காரணம். கருத்து வேறுபாடு வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்ற பாடத்தைப் பள்ளியே சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது காரணத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். வலிக்காத தலைப்பில் வாதம் கற்றுக்கொள்வது எளிதுதான், ஆனால் அது உண்மையான விவாதத்தில் கைகொடுக்காது.

தலைமையாசிரியர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கட்டுரைகள் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது. சுவரில் ஒட்டுவதோ, ஆண்டுமலரில் போடுவதோ கூடாது. ஆசிரியை உடனே இணங்கினார். போர்மேன் தந்தையிடம் அவரே நேரில் பேசி, இது ஊர்த் தொழிலைப் பற்றிய தீர்ப்பு அல்ல, எந்தப் பக்கம் எழுதினாலும் சான்றோடு எழுதும் பயிற்சி என்று விளக்கினார். அவர் பிறகு வரவில்லை.

முறையை மாற்றியது

நோட்டு மாற்றும் வேலை நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த வகுப்புகளில் ஆசிரியை யாரையும் எதையும் எழுதச் சொல்லவில்லை. வாதம் எப்படி நடக்கிறது என்று காட்டச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்தார்.

மாணவர்கள் அதுவரை அந்தக் காட்சியைக் கண்ணகியின் சீற்றமாகவே படித்திருந்தார்கள். ஆசிரியை பாண்டியனின் பதிலில் நிறுத்தினார். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்கிறான் அரசன். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அவன் வைக்கும் நெறி. ‘கண்ணகி இதை மறுத்தாளா?’ என்று கேட்டார். வகுப்பு யோசித்தது. மறுக்கவில்லை. கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்ற பேச்சுக்கே அவள் போகவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை மட்டும் எடுத்தாள். அதற்கும் வெறும் சொல்லை வைக்கவில்லை. ‘என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’, அதாவது என் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம், என்று ஒரு சோதனையை முன்வைத்தாள். அரசனும், எம் சிலம்பின் பரல் முத்து என்று ஒப்புக்கொண்டான். இருவரும் ஏற்ற ஒரு சோதனை அவையின் நடுவே வந்துவிட்டது. சிலம்பு உடைந்ததும் வழக்கு முடிந்தது. அரசனே தன்னைக் கள்வன் என்று சொல்லிக்கொண்டான்.

‘அவளைப் போலக் கோபம் யாருக்கு இருந்திருக்க முடியும்? ஆனால் அரசனைத் தோற்கடித்தது கோபமா, பரலா?’ என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்ததாக நன்னூல். பாயிரம் என்றால் என்ன என்பதை அந்த மாணவர்கள் பாடநூலில் படித்திருந்தார்கள். அதே பாயிரத்தில் வரும் எழுவகை மதத்தை, அதாவது நூல் எழுதுபவர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கைகளை, ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளல். பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தியார் தொகுத்துத் தந்தது. ‘நீங்கள் எல்லோரும் இரண்டாவதையும் ஏழாவதையும் மட்டுமே செய்திருக்கிறீர்கள். முதலாவதும் மூன்றாவதும் யார் நோட்டிலும் இல்லை’ என்றார் ஆசிரியை. அது உண்மை. மூன்றாவதுதான் கடினமானது. பிறர் கருத்தைக் களைய வேண்டுமானால், முதலில் அதை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் இந்த நிகழ்வின் மையமான முடிவு பிறந்தது. கருத்துரை எழுதுபவர், எடுத்த எடுப்பில் விமர்சிக்கக் கூடாது. எழுதியவரின் வாதத்தை இரண்டு மூன்று வரிகளில் தன் சொற்களில் எழுத வேண்டும். எழுதியவர் அதைப் படித்து, ‘இதுதான் நான் சொன்னது’ என்று கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் விழாதவரை விமர்சனம் தொடங்காது. இத்தோடு சிவப்பு மையும் மதிப்பெண்ணும் விலக்கப்பட்டன. கருத்துரை பென்சிலில் மட்டும். ஒற்றுப்பிழை திருத்துவது கடைசி வரைவில் ஆசிரியரின் வேலை என்று சொல்லிவிட்டார்.

சான்றுகளைச் சலித்தது

கட்டுரைகளில் இருந்த எண்களை எல்லாம் ஆசிரியை கரும்பலகையில் வரிசையாக எழுதினார். பட்டாசுத் தொழிலை நம்பி வாழ்பவர்கள் ஒரு நோட்டில் மூன்று லட்சம், இன்னொன்றில் எட்டு லட்சம், மற்றொன்றில் கோடிக்கணக்கானோர். யாரும் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதவில்லை. எண்ணியது யார், ஆலைக்குள் வேலை செய்பவர்களை மட்டும் எண்ணினார்களா, அச்சகத்தையும் லாரியையும் கடைகளையும் சேர்த்து எண்ணினார்களா என்ற கேள்விகள் வந்தன. எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் எண்ணைப் போடுவதில்லை என்று வகுப்பு தானாகவே முடிவு செய்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய வரியைச் சரிபார்க்கும் வேலை நூலக நேரத்தில் ஒரு குழுவுக்குத் தரப்பட்டது. பழைய நாளிதழ்களையும் இணையத்தையும் துழாவி அவர்கள் கொண்டுவந்த செய்தி வகுப்புக்கே வியப்பாக இருந்தது. 2018 அக்டோபரில் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பட்டாசை அடியோடு தடை செய்ய மறுத்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு இடம் கொடுத்தது. சரவெடிக்கும், பேரியம் உப்புக் கலந்த வெடிகளுக்கும், இணைய விற்பனைக்கும் தடை போட்டது. வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்றானது. தொழில் செய்பவர்களின் பிழைப்புரிமையும் மக்களின் உடல்நல உரிமையும் இரண்டும் அந்த வழக்கில் பேசப்பட்டிருந்தன. இரண்டாமவர் எழுதிய வரி தவறு என்பது தெளிவாயிற்று. அதே நேரத்தில், நீதிமன்றம் தங்கள் பக்கம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆதரவாளர்களுக்கும் அந்தத் தீர்ப்பு முழுதாக உதவவில்லை.

மேற்கோள் பற்றிய பேச்சு எதிர்பாராமல் எழுந்தது. முதலாமவரின் நோட்டில் இருந்த குறளைப் படித்துவிட்டு ஒரு மாணவன் எழுந்து, ‘அம்மா, இந்தக் குறள் முயற்சியைப் பற்றியது. பட்டாசை விட்டுவிட்டு வேறு தொழில் தேட முயற்சி செய் என்று நானும் இதையே போட்டுக்கொள்ளலாமே’ என்றான். ஆசிரியை அதைப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கமும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய மேற்கோள், அழகாக இருக்கலாம், சான்று ஆகாது. இந்தப் பயிற்சி முழுவதிலும் மாணவர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய அளவுகோல் இதுதான். ஒரு மாணவனின் வாயிலிருந்து வந்தது என்பதால்தான் அது அப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்று

முதலாமவரையும் இரண்டாமவரையும் மறுபடி சேர்ப்பதா என்பதில் ஆசிரியைக்குத் தயக்கம் இருந்தது. முதலில் இருவரின் நோட்டுகளையும் வேறு மாணவர்களிடம் கொடுத்தார். பிறகு இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார். இரண்டாமவர், ‘அவளே படிக்கட்டும் அம்மா. அவள் என்னதான் சொல்கிறாள் என்று பார்க்கிறேன்’ என்றார். முதலாமவர் தலையை மட்டும் அசைத்தார்.

முதலாமவர், தோழியின் வாதம் என்று முதலில் எழுதியது: ‘பெரியப்பா இறந்துபோன துக்கத்தில், கோபத்தில் பட்டாசே வேண்டாம் என்கிறாள்.’

இரண்டாமவர் கையொப்பம் இட மறுத்தார். அருகில் பென்சிலால் எழுதினார்: ‘நான் பெரியப்பாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியதைப் படி.’

இரண்டாவது முயற்சி: ‘விபத்து நடப்பதால் ஆலைகளை மூட வேண்டும் என்கிறாள்.’ இதற்கும் கையொப்பம் இல்லை. இதற்குள் இரண்டாமவரின் வரைவும் மாறியிருந்தது. நீதிமன்ற வரியை நீக்கிவிட்டு, உரிமம் பெற்றவர் அறைகளை வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விடும் பழக்கத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தார். ஓர் அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் வெடிபொருள் விதிகளில் வரம்பு இருக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுக்கப் பார்க்கும்போது அந்த வரம்பு காற்றில் பறக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

மூன்றாவதாக முதலாமவர் எழுதியது இது: ‘உரிமம் வாங்கியவர் ஒருவர், அறையில் வேலை வாங்குபவர் இன்னொருவர். அதனால் விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஆளில்லை. இது மாறாதவரை பட்டாசு வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். ஆகவே வாங்காதீர்கள் என்கிறாள்.’

இரண்டாமவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையொப்பம் இட்டார்.

அதற்குப் பிறகு முதலாமவர் எழுதிய விமர்சனம், அந்த ஆண்டு நான் படித்த கருத்துரைகளிலேயே சிறந்தது: ‘அப்படியென்றால் உள்குத்தகையைத்தானே நிறுத்த வேண்டும், பட்டாசை ஏன் நிறுத்த வேண்டும்? நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.’ ஓரிரு வாரங்களுக்கு முன் ‘ஊர்ச் சோறு’ என்று எழுதிய அதே கை.

இரண்டாமவர் அந்தப் படியைக் கட்டினார். கடைசி வரைவில் அவர் எழுதியது: ‘விதி இல்லாததால் விபத்து நடக்கவில்லை. விதி இருக்கும்போதே நடக்கிறது. விபத்து நடந்தவுடன் ஆய்வு செய்கிறார்கள், சில நாள் ஆலை மூடியிருக்கிறது, பிறகு பழையபடி நடக்கிறது. வாங்குபவர்கள் குறைந்தால்தான் ஆலைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.’ கடைசி வாக்கியத்தில் ‘நம்புகிறேன்’ என்ற சொல்லை அவராகவே போட்டுக்கொண்டார். அது நிறுவப்பட்டது அல்ல, தன் கணிப்புதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலாமவரின் கடைசி வரைவில் பாலைவனமும் ஏழைகளின் எதிரிகளும் போய்விட்டார்கள். அந்தப் பத்தியின் இடத்தில் வந்தது: ‘என் பாட்டி திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டுகிறார். குழாயில் மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். கூலி குழாய்க் கணக்குக்கு. தீபாவளி முடிந்ததும் ஆலை சில வாரம் மூடியிருக்கும். அந்த வாரங்களில் எங்கள் வீட்டுக்கு மளிகைச் சாமான் கடனில்தான் வரும். ஆலை நிரந்தரமாக மூடினால் எந்த வேலையைக் காட்டிக் கடன் கேட்பது? இது ஆபத்தான தொழில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தோழியின் வீட்டில் ஒருவரை இந்தத் தொழில் கொண்டுபோயிருக்கிறது. மூடச் சொல்பவர்கள், மூடிய மறுநாள் காலையில் என் பாட்டிக்கு என்ன வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.’

தோழியின் வீட்டைப் பற்றிய அந்த வாக்கியத்தை எழுதும் முன் முதலாமவர் அனுமதி கேட்டார் என்று ஆசிரியை பின்னால் எனக்குச் சொன்னார்.

விளைவு

இருவருமே கட்சி மாறவில்லை. ஒருவர் வேண்டும் என்றும் மற்றவர் வேண்டாம் என்றும்தான் முடித்தார்கள். ஆனால் இருவரின் கடைசி வரைவுகளும் முதல் வரைவுகளைவிட நேர்மையானவை, வலிமையானவை. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்ட இடத்தில்தான் இருவரின் வாதமும் உறுதிப்பட்டது.

வகுப்பு முழுவதும் இப்படி மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. சிலர் முதல் வரைவையே அழகாகப் படியெடுத்துக் கொடுத்தார்கள். சில ஜோடிகளில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒருவருக்கொருவர் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் இட்டுக்கொண்டார்கள். கூச்ச சுபாவமுள்ள மாணவர்கள் சிலர், எதிரே இருப்பவர் தவறாக எழுதியிருந்தும் மறுக்கத் துணியாமல் கையொப்பமிட்டது நோட்டுகளை ஒப்பிட்டபோது தெரிந்தது. பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கும் ஒரு மாணவன் கடைசிவரை தன் அடுக்குமொழியை விடவில்லை. அவனுக்குக் கருத்துரை எழுதிய மாணவி, ‘இந்தப் பத்தியில் ஐந்து வாக்கியங்களும் ஒரே கருத்து’ என்று எழுதியும் பயனில்லை.

அரையாண்டுத் தேர்வில் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. விடைத்தாள்களை வேறொரு பள்ளியின் ஆசிரியர் திருத்தினார். பெருவினாக்களில், இந்தப் பயிற்சியில் ஆர்வமாக ஈடுபட்ட சிலர் உட்தலைப்பே இல்லாமல் தொடர்ச்சியான வாதமாக எழுதியிருந்தார்கள். ஆறு மதிப்பெண் வினாவில் அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. திருத்தியவரிடம் குறை காண்பதற்கில்லை. அவர் தேடிய வடிவம் தாளில் இல்லை. ஒரு பெற்றோர் வந்து விளக்கம் கேட்டார். அதற்குப் பிறகு ஆசிரியை, இதே வாதங்களை உட்தலைப்புகளோடு எழுதும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார். ‘ஆதரிப்போர் கூறுவது’, ‘அதில் ஏற்கத்தக்கது’, ‘ஏற்க இயலாதது’ என்று உட்தலைப்பு வைத்தால் இரண்டு தேவையும் நிறைவேறுகிறது.

அந்த இரு மாணவியரும் மீண்டும் ஒரே பெஞ்சுக்கு வந்தார்களா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அரையாண்டுத் தேர்வுவரை வரவில்லை. நூலக நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் அது அவர்கள் விஷயம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கையொப்ப முறை இருக்க வேண்டும், ஆனால் அது நோட்டு மாற்றத்தின் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். காயம் பட்ட பிறகு கொண்டுவந்ததால் அது சமாதான ஏற்பாடு போலச் சிலருக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதைத் தடுக்க, ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒரு திருத்தமாவது கேட்டுப் பெற்ற பிறகே கையொப்பமிட வேண்டும் என்று வைக்கலாமா என ஆசிரியை யோசிக்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முதல் தடவையிலேயே சரியாகப் புரிந்துகொள்பவரும் உண்டு. கூச்சமுள்ள மாணவர்களுக்கு மூவர் கொண்ட குழு அமைத்து, எழுதியவரின் சார்பில் மூன்றாமவர் கேள்வி கேட்பது மேல் என்பது என் கருத்து.

தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுப்பதை ஆசிரியை தொடரப் போகிறார். ஆனால் தலைப்பு முடிவானதும், அது யார் வீட்டைத் தொடுகிறது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே விசாரித்து அறிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டாமவரின் குடும்பத்தில் நடந்தது ஊருக்கே தெரியும், ஆனால் அந்த ஆண்டுதான் பள்ளிக்கு மாறுதலாகி வந்த ஆசிரியைக்குத் தெரியாது. வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். விருப்பமில்லாதவர் வேறு தலைப்பு எடுக்கலாம் என்ற வாய்ப்பும் புகார் வந்த பிறகு அல்ல, தொடக்கத்திலேயே தரப்பட வேண்டியது.

பெற்றோரிடம் பயிற்சியின் நோக்கத்தை விளக்கும் ஒரு பக்கக் கடிதம் முன்பே போக வேண்டும். இந்த ஆண்டு அதை ஆசிரியை எழுதிவிட்டார். தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருக்கிறார். புதிய பதினோராம் வகுப்பு கைதூக்கித் தேர்ந்தெடுத்த தலைப்பு, ஊர்க் கண்மாயில் வண்டல் மண் அள்ளுவதற்கு அனுமதி கொடுக்கலாமா என்பது. கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் டிராக்டர் ஓட்டுபவர்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியை இம்முறை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொண்டார். எந்தெந்த ஜோடி நோட்டை மாற்றிக்கொள்வது என்ற பட்டியலையும் அதைப் பார்த்தே போட்டிருக்கிறார்.